வெடித்த டியூபை வெட்டும் முன்

சென்னைக்கு வடக்கே எண்ணூர், அத்திப்பட்டு, மணலி வட்டாரத்தில் பாய்லர், ஹீட்டர் வேலை பார்ப்பவர்களிடம் "டியூப் லீக்" என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, நின்றுபோன யூனிட் எப்போது திரும்ப ஓடும் என்பதுதான். ஏன் வெடித்தது என்பது அப்புறம். அந்த அவசரத்தில் பாதித் தடயம் போய்விடும்.

நீராவி 540 டிகிரி என்றால் அந்த நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் டியூபின் உலோகம் அதைவிடச் சூடு. 2.25 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம் கலந்த டி22 எஃகு அங்கே சட்டென்று உடையாது. வருடக்கணக்கில் மெல்ல நீண்டுகொண்டே இருக்கும். அதுதான் க்ரீப். இழுவிசைக்குக் குறுக்கே கிடக்கும் படிகமணி (உலோகத்தின் நுண்துகள்) எல்லைகளில் நுண்குழிகள் தோன்றி, வரிசைகட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து விரிசலாகும். உட்புற அழுத்தத்தால் சுற்றுவாக்கில் வரும் இழுவிசை நீளவாக்கில் வருவதைப்போல் இருமடங்கு. டியூப் நீளவாக்கில் பிளப்பது அதனால்தான்.

பிளந்த இடத்தின் விளிம்பை, அதாவது உதட்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உதடு மெலிந்து கூராகி, டியூப் உப்பி, மீன்வாயாகத் திறந்திருந்தால் அது குறுகிய நேரத்துக் கடும் சூடு. பெரும்பாலும் எங்கோ அடைப்பு; உள்ளே உரிந்து விழுந்த ஆக்சைடு செதில் கீழ் வளைவில் குவிந்திருக்கும். வெடித்த இடத்தை மட்டும் மாற்றிவிட்டு வளைவைப் பார்க்காமல் விட்டால் அதே டியூப் மறுபடி போகும். உதடு தடித்து, உப்பல் குறைந்து, ஆக்சைடில் நீளவாக்கு வெடிப்புகள் ஓடினால் நாள்பட்ட க்ரீப். உட்சுவர் ஆக்சைடு தடிக்கத் தடிக்க உலோகச் சூடும் ஏறும். சூட்டையும் நேரத்தையும் சேர்த்து டியூபின் ஆயுளை மதிப்பிடும் லார்சன்-மில்லர் கணக்குப்படி, 560 டிகிரியில் 1,00,000 மணி நேரம் தாங்கும் டியூப் 570-இல் ஏறக்குறைய பாதி நேரம்தான் தாங்கும்.

பெரிய ஓட்டைதான் முதலில் போனது என்று முடிவு கட்ட வேண்டாம். சின்ன ஓட்டையிலிருந்து பீறிடும் நீராவி பக்கத்து டியூபை வெளியிலிருந்து அரித்து, அதைப் பெரிதாக வெடிக்க வைத்திருக்கும். அப்படி அரிபட்ட பரப்பு வழவழவென்று இருக்கும்.

ஆய்வுக்காக வெட்டும் முன் நெருப்புப் பக்கம், நீராவி ஓடும் திசை, எந்த உயரத்தில் இருந்தது என்ற மட்டம் மூன்றையும் டியூபிலேயே பெயின்ட்டால் குறித்துவிட வேண்டும். உதட்டுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக நீளம் விட்டு ஹேக்ஸாவால் வெட்டலாம்; கேஸ் கட்டிங் கிட்டேயே வரக்கூடாது, அந்தச் சூடு உலோக அமைப்பையே மாற்றிவிடும். உதட்டை பிரஷ் போட்டுத் தேய்க்கவும் கூடாது. இங்கே உப்புக்காற்று வேறு. திறந்து போட்டால் முறிவுப் பரப்பில் புதுத்துரு ஏறி, பழைய ஆக்சைடு எது என்று பிரிக்க முடியாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உறையில் போட்டு மூடுவதே சரி.

பாய்லரிலிருந்து நீராவியைக் கொண்டுபோகும், பி91 என்ற குரோமியம் கூடிய எஃகாலான மெயின் ஸ்டீம் பைப் கதை வேறு. அதில் வெல்டிங்கை ஒட்டிய சூடுபட்ட பகுதியின் வெளி ஓரத்தில், நுண்மணிப் பட்டையில்தான் க்ரீப் விரிசல் வரும். டைப் 4 விரிசல் என்று சொல்வது இதைத்தான். குழிகள் பெரும்பாலும் சுவரின் உள்ளாழத்தில் தொடங்குவதால், மேற்பரப்பில் எடுத்த ரெப்ளிகா (உலோக அமைப்பின் அச்சுப் பிரதி) சுத்தமாக இருந்தாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். ஆகவே அந்த வெல்டுகளுக்கு ரெப்ளிகாவோடு, உள்ளே ஒலியலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனையும் சேர்த்தே போட வேண்டும். கடினத்தன்மை பிரினெல் அளவுகோலில் 190-க்குக் கீழே காட்டும் இடங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.