மேடும் லிட்டரும்

பெட்ரோல் நிலைய ஊழியர் குழாயை வண்டியில் செருகுவதற்குள், பின்னிருக்கையிலிருந்த அண்ணன் மகள் தன் கணக்கு நோட்டை நீட்டினாள்: "சித்தப்பா, இந்தக் கோடு ஏன் மூலையிலிருந்தே தொடங்குகிறது?"

கட்டம் போட்ட தாளில் கிடையாகக் கிலோமீட்டர், நெடுக லிட்டர். பென்சில் கோடு 50க்கு 4, 100க்கு 8, 200க்கு 16 என்று வளையாமல் ஏறியது.

ஓடாத வண்டி எரிபொருள் குடிக்காது என்பதால்தான் (சிவப்பு விளக்கில் நின்றபடி உறுமுவதை விட்டுவிடுவோம்) கோடு சுழியில் தொடங்குகிறது. எந்தப் புள்ளியை எடுத்து வகுத்தாலும் கிலோமீட்டருக்கு 0.08 லிட்டர் என்றே வரும். அதுவே நேர் விகிதம்.

தொட்டியில் மிஞ்சியதை வரைந்தால் அதுவும் நேர்கோடுதான். ஆனால் அது 45 லிட்டரில் தொடங்கி இறங்குவதால், தூரம் இரட்டிக்கும்போது மிச்சம் இரட்டிப்பதில்லை. அது நேர் விகிதம் ஆகாது. பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் நாங்கள் இருக்கும் டர்பனிலிருந்து உள்நாட்டு நகரமான பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், கணக்குப்படி 6.4 லிட்டர் போதும். ஆனால் என்3 சாலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. போகும்போது முள் சட்டென்று இறங்கும், திரும்பும்போது அசையவே யோசிக்கும். 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் என்பது இந்த ஏற்ற இறக்கங்களையெல்லாம் கலந்தெடுத்த சராசரி மட்டுமே என்று அவளிடம் சொன்னேன்.

ஜோகன்னஸ்பர்க் இன்னும் உயரம். அங்கே பெட்ரோல் விலையும் கடற்கரையைவிடக் கூடுதல். ஆகவே அந்தப் பயணத்துக்குத் தொட்டியை இங்கேயே நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவேன்.