1ஈ முனையை எழுப்பிய கதை: லினக்ஸ் பெட்டியிலிருந்து ஆப்டிக்கல் 5.1

ஒருவழியாக ரிசீவர் முகப்பில் ‘டால்பி டிஜிட்டல்’ எழுத்து எரிந்துவிட்டது. ஐந்து ஸ்பீக்கரும் சப்வூஃபரும், அதாவது 5.1, தனித்தனியாகப் பேசுகின்றன. கணினியிலிருந்து ரிசீவருக்கு ஒலி போவது ஆப்டிக்கலில், அதாவது டிஜிட்டல் ஒலியை வெளிச்சமாக அனுப்பும் கேபிளில். “லினக்ஸில் ஆப்டிக்கல் வராது, விண்டோஸ் போட்டுக்கோ” என்று சொன்ன அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. வரும். அருமையாக வரும். டெபியன் லினக்ஸ் நிறுவுவது, கோடி பிளேயர் அமைப்பது, படங்களை அடுக்கி வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதைத் தொடப் போவதில்லை.

பெட்டி: நான்காம் தலைமுறை ஐ3, எச்81 மதர்போர்டு. பெங்களூரில் ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக்கட்டியது. டெபியன் 12. ரிசீவர் எச்டிஎம்ஐ வருவதற்கு முந்தைய காலத்து செகண்ட் ஹேண்ட். ஆப்டிக்கல், கோஆக்சியல் (அதே டிஜிட்டல் ஒலி, உலோகக் கம்பியில்) இரண்டும் இருக்கிறது, டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற இரண்டு 5.1 சுருக்க முறைகளையும் பிரிக்கும். ஓசூரில் வீடு காலி செய்த ஒருவரிடம் வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மர் கனம் மட்டுமே பத்து கிலோ இருக்கும் போல. இப்போது வரும் சவுண்ட்பார் எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

டிவிக்கு எச்டிஎம்ஐ கொடுத்து, டிவியின் பின்னாலிருக்கும் ஆப்டிக்கலை ரிசீவருக்கு இழுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நிறைய டிவிகள் எச்டிஎம்ஐ வழியாக வந்த ஒலியை இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் ஆப்டிக்கலில் வெளியே விடும். எங்கள் வீட்டு டிவியும் அந்த ரகம்தான். அதனால் கணினியிலிருந்தே நேராக ஆப்டிக்கல் எடுக்க வேண்டும்.

போர்டின் பின்பக்கம் ஆப்டிக்கல் துளை இல்லை. ஆனால் உள்ளே, ஆடியோ ஹெடருக்குப் பக்கத்தில், ‘எஸ்பிடிஃப் அவுட்’ (டிஜிட்டல் ஒலி வெளியேறும் வழி) என்று அச்சிட்ட சின்ன ஹெடர், அதாவது முள் வரிசை, இருக்கிறது. 5 வோல்ட், சிக்னல், கிரவுண்ட். அதில் மாட்டுகிற டாஸ்லிங்க் (ஆப்டிக்கல் துளை) பிராக்கெட்டை ஆன்லைனில் வாங்கினேன். வந்த சரக்கில் கம்பிகளின் வரிசை போர்டோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு போர்டு கம்பெனியும் இந்த மூன்று முள்ளையும் தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்துகிறது. விற்பவரோ ‘எல்லா போர்டுக்கும் பொருந்தும்’ என்று எழுதி விடுகிறார். அப்படியே செருகினால் 5 வோல்ட், சிக்னல் முள்ளுக்குப் போய்விடும், போர்டின் ஒலியைக் கவனிக்கும் கோடெக் சிப்பே போனாலும் போகும். மல்டிமீட்டரில் கிரவுண்டையும் 5 வோல்ட்டையும் உறுதி செய்துகொண்டு, கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் முனைகளை உருவி, சரியான குழிக்கு மாற்றிச் செருகினேன். வெட்டவோ ஒட்டவோ தேவையில்லை. கைக்கு வந்துவிட்டால் ரொம்பச் சுலபம்.

பிராக்கெட் ரெடி, கேபிள் ரெடி, ரிசீவரில் சத்தம் இல்லை. ரிசீவர் மேலேயே சந்தேகம் வந்து, எங்கள் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். மாங்கனிக் கண்காட்சி நேரம், கடை முழுக்க மைக் செட் சாமான். அதற்கு நடுவிலும் ஒரு பழைய டிவிடி பிளேயரை ஆப்டிக்கலில் மாட்டிக் காட்டினார். 5.1 சுத்தமாக வந்தது.

“ஆம்ப் மேல குத்தமில்ல தம்பி. உன் கம்ப்யூட்டர் ஒயர்ல செவப்பு வெளிச்சம் வருதா?”

“பாக்கலண்ணா.”

“வெளிச்சமே இல்லன்னா அப்புறம் எதைத் தேடுறது? மொதல்ல அதைப் பாரு.”

டாஸ்லிங்க் என்பது 1983-ல் தோஷிபா கொண்டுவந்தது. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளிதான் அதில் ஓடுகிறது, கண்ணுக்கே தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிராக்கெட்டில் 5 வோல்ட் சரியாக இருக்கிறது, துளை இருட்டாக இருக்கிறது. அப்படியென்றால் எல்இடிக்குச் சிக்னலே வரவில்லை. கேபிளையும் ரிசீவரையும் விட்டுவிட்டு லினக்ஸ் பக்கம் திரும்பினேன்.

ஒலிக் கார்டுகளைப் பட்டியலிடும் ஏப்ளே -எல் கட்டளையைக் கொடுத்தால் இரண்டு கார்டு. 0 எச்டிஎம்ஐ, 1 பிசிஎச் (போர்டின் சொந்த ஒலி). பிசிஎச்சில் ஏஎல்சி887 (கோடெக் சிப்பின் பெயர்) அனலாக் மட்டும், சாதன எண் 0. டிஜிட்டல் என்று ஒன்று, சாதன எண் 1 ஆக, அதன் கீழே வரவேண்டும். வரவில்லை. அல்சாமிக்சர் என்ற வால்யூம் கருவியில் எஃப்6 அழுத்தி பிசிஎச்சைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயும் எஸ்பிடிஃப் பெட்டி கிடையாது. பெரும்பாலான வழிகாட்டிகள் “எம் விசையை அழுத்தி மியூட்டை எடு” என்பதோடு முடிந்துவிடுகின்றன. மியூட் எடுக்க அந்தப் பெட்டி இருக்க வேண்டுமே!

விடை இருந்த இடம் ப்ராக் கோப்புறையில், அசவுண்டுக்குள், கார்டு1-இன் கீழே உள்ள கோடெக் கோப்பு. சிப்பின் ஒவ்வொரு முனையும் என்ன வேலைக்கு என்று அதில் எழுதியிருக்கும். ஏஎல்சி887-இல் எஸ்பிடிஃப் வெளியேறும் முனை 1ஈ (16-அடிமான எண், அதனால்தான் எழுத்தும் கலந்து வருகிறது). அதன் கீழே இருந்த வரி: ‘பின் டிஃபால்ட் 411111எஃப்0, என்/ஏ, ஸ்பீக்கர் அட் எக்ஸ்ட் ரியர்’. எல்லாம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. இது ‘இங்கே எதுவும் இணைக்கப்படவில்லை’ என்று பயாஸ் (போர்டோடு வரும் தொடக்க நிரல்) எழுதி வைக்கும் வழக்கமான எண். சிப்பில் வசதி இருக்கிறது, போர்டில் ஹெடர் இருக்கிறது, கம்பி செருகியாகிவிட்டது. ஆனால் பயாஸ் ‘இல்லை’ என்று எழுதிவிட்டதால் லினக்ஸின் கருவான கர்னலுக்கும் அது இல்லை. நிலத்தில் கிணறு இருந்தும் அடங்கலில் ஏறாமல் போனால் மோட்டாருக்கு கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்காதே, அந்த மாதிரி.

இதைத் திருத்த எச்டிஏஜாக்ரீடாஸ்க் என்றொரு கருவி இருக்கிறது. டெபியனில் அல்சா-டூல்ஸ்-ஜியுஐ தொகுப்பில் வரும். பிசிஎச் கோடெக்கைத் தேர்ந்தெடுத்து, ‘இணைக்காத முனைகளையும் காட்டு’ என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் 1ஈ கண்ணில் படும். அதில் ஓவர்ரைடு போட்டு எஸ்பிடிஃப் என்று தேர்ந்தெடுத்தாலே வேலை நடக்கும். நான் அட்வான்ஸ்டு முறையில் போய் ஒவ்வொரு புலத்தையும் கையால் நிரப்பினேன், ஏனென்றால் அந்த எட்டு இலக்கம் எப்படிப் பேசுகிறது என்று தெரிந்துகொள்வதில் தனி சுகம்.

நான் வைத்தது 01451130. முதல் இரண்டு இலக்கம் 01: இது நிஜமான ஜாக், பெட்டியின் பின்பக்கம். (பழைய எண்ணில் இதே இடத்தில் 41 இருந்தது, அந்த 4-தான் ‘இணைப்பு இல்லை’ என்ற முத்திரை.) அடுத்த 4: எஸ்பிடிஃப் வெளியீடு. 5: ஆப்டிக்கல். அடுத்த 1 நிறம், கறுப்பு. அதற்கடுத்த 1 முக்கியம்: செருகியதை உணரும் வசதி இங்கே இல்லை. இதை விட்டுவிட்டால், ஜாக்கில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்து, ‘செருகவில்லை’ என்று முடிவு கட்டி, வெளியீட்டைப் பட்டியலிலிருந்து மறைக்கிற வாய்ப்பு உண்டு. ஆப்டிக்கல் ஹெடரில் அப்படி உணர எதுவுமே கிடையாது. கடைசி 30: குழு 3, வரிசை 0. மற்ற ஜாக்குகளின் குழு எண்ணோடு இடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

‘இப்போதே செயல்படுத்து’ பொத்தானை நம்ப வேண்டாம். பைப்வயர் (நிரல்களின் ஒலியைக் கையாளும் சேவை) கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அது பிழை காட்டும். ‘பூட் ஓவர்ரைடு’ பொத்தானை அழுத்தினால் ஃபர்ம்வேர் கோப்புறையில் ஒரு கோப்பும் மாட்ப்ரோப்.டி-இல் ஒரு கோப்பும் எழுதிவிடும். ரீபூட்.

ஏஎல்சி887 டிஜிட்டல், சாதனம் 1, வந்துவிட்டது. அல்சாமிக்சரில் எஸ்பிடிஃப் பெட்டியும் வந்தது. இதற்கு மற்றவை போல உயரும் பட்டை கிடையாது. அடியில் ‘எம்எம்’ என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும். எம் அழுத்தியதும் ‘ஓஓ’ ஆனது. அல்சாகண்ட்ரோல் ஸ்டோர் கொடுத்துச் சேமித்தேன். ஸ்பீக்கர்-டெஸ்டை ஓடவிட்டு, டியூப்லைட்டை அணைத்துப் பார்த்தால் பிராக்கெட் துளையில் குங்குமப்பொட்டு அளவுக்குச் சிவப்பு. ரிசீவரில் ‘பிசிஎம் 48’, அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் சுருக்காத ஒலி.

கார்டை எண் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பூட் ஆகும்போது 0-வும் 1-ம் இடம் மாற வாய்ப்பு உண்டு. ‘ஐஇசி958, கார்டு=பிசிஎச், டெவ்=0’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்றைக்கும் மாறாது. (ஐஇசி958 என்பது எஸ்பிடிஃப்தான்; இங்கே 0 என்றால் அந்தக் கார்டின் முதல் டிஜிட்டல் வெளியீடு.)

அடுத்தது 5.1. எஸ்பிடிஃப் கம்பியில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். 5.1 போக வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் சுருக்கத்தை அப்படியே, இரண்டு சேனல் 16 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி மாதிரி வேஷம் போட்டு அனுப்ப வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 15,36,000 பிட். டிடிஎஸ்ஸின் முழு அளவு அதில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். டால்பிக்கு அதிகபட்சமே 640 கிலோபிட், தாராளம். இந்த வேஷத்தில் ஒரு பிட்கூட மாறக் கூடாது. வால்யூமை 99 சதவீதமாக்கினாலோ, 48-ஐ 44.1 ஆக மாற்றினாலோ எல்லாம் குப்பை. எனக்கு முதலில் கிடைத்தது அந்தக் குப்பைதான்: ஐந்து ஸ்பீக்கரிலும் கரகரவென்று காதைக் கிழிக்கும் இரைச்சல். சோதிக்கும்போது ரிசீவர் வால்யூமை அடிமட்டத்தில் வையுங்கள், ட்வீட்டர் போய்விடும்.

இதற்கு இரண்டு காரணம். ஒன்று, நடுவில் பைப்வயர். பல நிரலின் ஒலியைக் கலப்பது அதன் வேலை, கலந்தால் பிட் மாறும். டெஸ்க்டாப்பாகவும் பயன்படுத்துபவர்கள் பாவுகண்ட்ரோல் என்ற ஒலி அமைப்புக் கருவியில் அந்த வெளியீட்டின் அட்வான்ஸ்டு பகுதியில் ஏசி3 (டால்பி டிஜிட்டலின் இன்னொரு பெயர்), டிடிஎஸ் டிக் போட்டுப் பார்க்கலாம். என் பெட்டி படம் பார்க்க மட்டுமே. அதனால் கார்டு ப்ரொஃபைலை ‘ஆஃப்’ செய்து பைப்வயரை ஒதுக்கிவிட்டு, கோடியை நேராக லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான அல்சாவில் ஓடவிட்டேன். ஒரு நிரல், ஒரு கம்பி, நடுவில் யாரும் இல்லை. ஹோம் தியேட்டர் பெட்டிக்கு இதுதான் முறை என்று அடித்துச் சொல்வேன்.

இரண்டாவது, ‘இது ஒலி அல்ல’ என்ற அடையாளப் பிட். சில ரிசீவர்கள் உள்ளே வரும் எஃப்872, 4ஈ1எஃப் என்ற தலைப்பு எண்களைப் பார்த்தே சுருக்கப்பட்ட ஒலி என்று புரிந்துகொள்ளும். என்னுடையது பிட்டைத்தான் பார்க்கிறது. ஐஇசிசெட் கட்டளை இப்போதைய நிலையைக் காட்டும். சாதனப் பெயரோடு ‘ஏஇஎஸ்0=6’ சேர்த்தால் பிட் ஏறிவிடும்; கோடி இதைத் தானாகவே செய்கிறது, எச்டபிள்யூ என்று தொடங்கும் பெயரைக் கொடுக்காமல் ஐஇசி958 என்று தொடங்கும் பெயரைத் தேர்ந்தெடுத்தால்.

கோடியில் சேனல் எண்ணிக்கை 2.0. ஆமாம், 5.1 ஸ்பீக்கர் இருந்தாலும் 2.0-தான். பாஸ்த்ரூ (சுருக்கத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) ஆன், டால்பி, டிடிஎஸ் இரண்டும் ஆன். 2.0 வைத்தால்தான் ‘ஏசி3 டிரான்ஸ்கோடிங்’ வரி தெரியும், அதையும் ஆன் செய்யுங்கள். இப்போதைய படங்களில் பாதி ஏஏசி 5.1 அல்லது டால்பி டிஜிட்டல் பிளஸ். ரிசீவருக்குப் புரியாத அதையெல்லாம் ஓடும்போதே ஏசி3 ஆக்கி அனுப்பிவிடும். ஐ3-க்கு அது ஒரு பாரமே இல்லை.

மிச்சமிருந்த ஒரு தொல்லை: படத்தை நிறுத்திவைத்துவிட்டுத் தொடர்ந்தால் முதல் வசனம் பாதி காணாமல் போகும். டிரைவர் சும்மா இருக்கும் நேரத்தில் சிப்பைத் தூங்க வைக்கிறது, ரிசீவர் மறுபடி பிடித்துக்கொள்ள நேரம் எடுக்கிறது. மாட்ப்ரோப்.டி-இல் எஸ்என்டி-எச்டிஏ-இன்டெலுக்கு பவர்_சேவ்=0 எழுதினேன்; கோடியிலும் ஒலிச் சாதனத்தை எப்போதும் விழிப்பில் வைக்கச் சொன்னேன். இப்போது ஒரு எழுத்துகூட விழுங்குவதில்லை.

கேபிள் பற்றி ஒரு வார்த்தை. தங்க முலாம் பூசிய ஆப்டிக்கல் கேபிளுக்குக் காசு கொடுக்காதீர்கள். உள்ளே போவது வெளிச்சம், தங்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. சாதாரண பிளாஸ்டிக் ஃபைபரே தாராளம், ஆனால் இறுக்கி மடக்கக் கூடாது, நுனியில் இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். நம் ஊரில் கேட்டால் எச்டிஎம்ஐயை எடுத்து நீட்டுகிறார்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் குவியலாகக் கிடைக்கிறது. இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டுவதுதான் கஷ்டம், காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை விட ஓட்டை உடைசல் சாமானுக்கு எஸ்.பி. ரோடு மேல்.

அங்கேயே அடுத்த வேலைக்கும் சாமான் வாங்கிவிட்டேன். அதே ஹெடரிலிருந்து அப்பா ரூமிலிருக்கும் ஸ்டீரியோ ஆம்ப்புக்கு ஒரு கோஆக்சியல் கம்பி. ஹெடரில் இருப்பது 3.3 வோல்ட் அளவு சிக்னல், கோஆக்சியலுக்கு வேண்டியது அரை வோல்ட். தொடரில் 220 ஓம், குறுக்கே 100 ஓம், முன்னால் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். எதிர்முனையில் 75 ஓம் சேரும்போது கணக்குப்படி சுமார் 0.54 வோல்ட் வருகிறது, போதும். டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி6 கேபிளே 75 ஓம்தான், வீட்டில் மிச்சம் கிடக்கிறது. பின்பக்க இடது ஸ்பீக்கர் கம்பி இன்னும் ஹாலின் குறுக்கே தரையில்தான் ஓடுகிறது, கேசிங் அடிக்க எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சுவரில் துளை போடும்போதே கோஆக்சியலையும் சேர்த்து இழுத்துவிடுவேன்.