மரங்கொத்தியின் பட்டடை

மரங்கொத்தியைப் பார்ப்பதற்கு வசந்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கோடையில் அதன் தட்டல் காதில் விழுந்தாலும் இலைச்செறிவு பறவையை மறைத்துவிடும். இலைகள் உதிர்ந்து கிளைகள் வெறுமையாக நிற்கும் குளிர்காலத்திலோ, ஒலி வந்த திசையில் தலையை நிமிர்த்தினாலே போதும்.

என் சன்னலுக்கு எதிரே நிற்கும் முதிய ஓக் மரத்திற்குப் பெரும்புள்ளி மரங்கொத்தி ஒன்று காலைதோறும் வருகிறது. பிடரியில் சிவப்புத் திட்டு இருப்பதால் அது ஆண். பெண்ணுக்கு அத்திட்டு கிடையாது, வாலடிச் சிவப்பு மட்டும் இரண்டுக்கும் பொது.

முதலில் என் கண்ணில் பட்டது பறவையன்று, மரத்தடிப் பனியில் சிதறிக் கிடந்த பைன் காய்கள்தாம். அணிலின் வேலை என்றே இரண்டு வாரம் எண்ணியிருந்தேன். அணிலாக இருந்தால் செதில்களைக் கொறித்தெறிந்து நடுத்தண்டை மட்டும் விட்டிருக்கும்; இவையோ செதில்கள் பிளந்து, பிய்ந்து, ஆனால் காயோடு ஒட்டிக்கொண்டே இருந்தன. பிறகுதான் மரங்கொத்தியின் பட்டடையை, அதாவது அது காயை வைத்துக் கொத்தும் இடத்தை, கண்டுகொண்டேன். பட்டையில் உள்ள ஒரு வெடிப்பில் காயைச் செருகி, அசையாதபடி இறுக்கிவைத்து, அலகால் கொத்தி விதைகளை எடுத்துக்கொள்கிறது. புதிய காயோடு வரும்போது பழையது இன்னும் வெடிப்பிலேயே இருந்தால், கையில்லாத பிராணி என்ன செய்யும்? புதிய காயைத் தன் மார்புக்கும் மரத்துக்கும் இடையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காலியான இடத்தில் புதியதைச் செருகுகிறது. இதை முதன்முறை பார்த்த அன்று என் தேநீர் ஆறிப்போனது.

இவ்வளவு நேரமும் அது செங்குத்தான மரத்தில் தரித்திருப்பதற்குக் கால்கள் மட்டும் காரணமல்ல. விறைப்பான வால் இறகுகளை மரத்தில் ஊன்றி, முக்காலி போல நிற்கிறது. மூளை அதிராதபடி மண்டையோடு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அதிவேகப் படப்பிடிப்பின் துணையோடு 2022இல் வெளியான ஆய்வு, அப்படித் தாங்கினால் கொத்தின் விசைதான் வீணாகும் என்றும், தலை சுத்தியல் போலவே இயங்குகிறது என்றும் காட்டியது. மூளை மிகச் சிறியது என்பதால் அந்த அதிர்வு அதற்குத் தீங்காவதில்லை.

குளிர்காலத்தின் பிற்பகுதியில் இன்னொரு ஒலி சேர்ந்துகொள்ளும்: முழக்கம். இரை தேடும் கொத்தல் விட்டுவிட்டு, சீரில்லாமல் கேட்கும். காயுடைக்கும் கொத்தல் ஓரிடத்திலேயே நீடிக்கும். முழக்கமோ, காய்ந்த கிளையில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட கொத்துகளாகப் பொழிந்து சட்டென்று நின்றுவிடும். உணவுக்காக அன்று, இணைப் பறவைக்கும் எல்லைக்குமான அறிவிப்பு அது. இந்த ஆண்டு அதை முதலில் கேட்டபோது, அண்டை வீட்டில் யாரோ துளைபோடுகிறார்கள் என்று நினைத்துச் சன்னலைச் சாத்திவிட்டேன்.