சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

சின்னத் தொண்டுக் குழுக்களுக்குச் சிறு மானியம் கொடுக்கும் ஒரு நிதியத்தின் தேர்வுக் குழுவில் இப்போது இருக்கிறேன். சம்பளம் கிடையாது. விண்ணப்பங்கள் வரும், படித்து மதிப்பெண் போட வேண்டும், அப்புறம் நான்கைந்து பேர் உட்கார்ந்து வாதாடி முடிவு செய்வோம். இதற்கு முன்னால் பல வருஷம் எதிர்ப்பக்கத்தில் இருந்தேன். சக்கர நாற்காலி, வாக்கர், ஆஸ்பத்திரிக் கட்டில் இதையெல்லாம் தேவைப்படுகிறவர்களுக்கு இரவல் கொடுக்கும் ஒரு சின்னக் குழுவுக்குப் பொருளாளர். விண்ணப்பம் எழுதுவது என் தலையில்தான் விழும், ஏனென்றால் மற்றவர்கள் எல்லாம் உருப்படியான வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சின்னத் தொகை கொடுப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, பெரிய தொகை கொடுப்பவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டவை. ஒரு தையல் மெஷினுக்குப் பணம் கேட்கும் பெண்கள் குழுவிடம் ஐந்தாண்டுத் தொலைநோக்குத் திட்டம் கேட்கிறார்கள். மாலை நேர வாசிப்பு வகுப்பு நடத்தும் இளைஞர்களிடம், உங்கள் பணியால் சமூகத்தில் ஏற்படும் மாற்றத்தை அளவிடும் குறியீடுகளைப் பட்டியலிடுக என்கிறார்கள். பையன்கள் படிக்கிறார்களா இல்லையா என்று நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்தமான கேள்வி, 'மானியம் முடிந்த பிறகு பணியை எவ்வாறு தொடர்வீர்கள்?' என்பது. எல்லா படிவத்திலும் இருக்கும். உண்மையான பதில், 'வேறு யாரிடமாவது கேட்போம்' என்பதுதான். அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்பதால் 'சமூகப் பங்களிப்பின் மூலமும் உள்ளூர் வளங்களைத் திரட்டியும்' என்று எழுதுவோம். எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். நானே அந்த வரியை எழுதியிருக்கிறேன், இப்போது அதே வரியைப் படித்து மதிப்பெண்ணும் போடுகிறேன்.

சிரிப்பாகச் சொன்னாலும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மானியத்துக்குப் பத்துக் குழுக்கள் விண்ணப்பிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவிலும் யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து, ராத்திரி உட்கார்ந்து படிவம் நிரப்புகிறார். மூன்று கொட்டேஷன் வாங்க கடை கடையாக அலைகிறார். தீர்மான நகலில் கையெழுத்து வாங்கச் செயலாளர் வீட்டுக்கும் தலைவர் வீட்டுக்கும் ஓடுகிறார். ஒன்பது குழுக்களுக்கு அந்த உழைப்பு அப்படியே வீண். அத்தனை பேரின் நேரத்துக்கும் கூலி போட்டுக் கூட்டிப் பார்த்தால், சில சமயம் மானியத் தொகையையே தாண்டிவிடும். கொடுக்கிற நிதியத்தின் கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவு எங்கேயும் வராது, அதனால் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆசம் ஃபவுண்டேஷன் என்று ஒன்று தொடங்கினார்கள். பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 100 டாலர் போடுவார்கள். 1,000 டாலர் சேரும். வந்த யோசனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்தத் தொகையை நிபந்தனை எதுவுமில்லாமல் கொடுத்துவிடுவார்கள். கேட்பவர் பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டியதில்லை, தனி ஆள் கூடக் கேட்கலாம். படிவம் சின்னது. இந்த முறை பிறகு பல நாடுகளின் நகரங்களுக்குப் பரவியது. டெட்ராயிட்டில் 2010-இல் தொடங்கிய டெட்ராயிட் சூப் இன்னும் எளிமை. வருகிறவர்கள் வாசலில் 5 டாலர் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், நான்கு பேர் ஆளுக்கு நான்கு நிமிஷம் தங்கள் திட்டத்தைச் சொல்வார்கள். எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தவருக்கு வாசலில் சேர்ந்த பணம்.

எனக்கு இதில் ஒரு குறையும் தெரிகிறது. ஓட்டு என்று வந்துவிட்டால் நன்றாகப் பேசுகிறவர் ஜெயிப்பார். சுவரில் ஓவியம் வரைகிற திட்டத்துக்குக் கைதட்டல் கிடைக்கும், கழிப்பறைக்குக் கதவு மாட்டுகிற திட்டத்துக்குக் கிடைக்காது. மேடை ஏறிப் பேசத் தெரியாத நல்ல குழுக்களை எனக்குத் தெரியும். ஆனாலும் நாற்பது பக்கப் படிவத்துக்கும் நான்கு நிமிஷப் பேச்சுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறதே.

கொடுப்பவர்களின் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. பணம் அவர்களுடையதில்லை, யாரோ நம்பிக் கொடுத்தது. நாளைக்குத் தணிக்கையாளர் கேட்பார். அதனால் எதைக் கேட்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்கிறதா, அதை இயக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமா, அந்த இரண்டு பேரும் கணவன் மனைவியாகவோ அண்ணன் தம்பியாகவோ இல்லாமல் இருக்கிறார்களா. மினிட்ஸ் புத்தகம் எழுதுகிறார்களா. இதைக் கேட்க ஒரு பக்கம் போதும். மிச்சத்தை ஒரு போன் காலில் பேசித் தெரிந்துகொள்ளலாம். முடிந்தால் நேரில் போகலாம்.

நேரில் போனால் நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, பதிவேடு. இரவல் பதிவேடோ வருகைப் பதிவேடோ, புழங்கிப் புழங்கி ஓரம் மடங்கியிருந்தால் சரி. வெவ்வேறு மை, வெவ்வேறு கையெழுத்து, நடுவில் அடித்தல் திருத்தல் எல்லாம் இருந்தால் இன்னும் சரி. நேற்று ராத்திரி ஒரே பேனாவில் எழுதி முடித்த பதிவேடு பார்த்தாலே தெரியும். இன்னொன்று, தலைவர் டீ சொல்லப் போகும்போது மற்றவர்கள் பேசுகிறார்களா என்பது. அவர் இல்லாவிட்டால் யாருக்கும் வாய் திறக்கவில்லை என்றால், அது குழு இல்லை, ஒரு ஆள்.

வாடகை, சம்பளம், பழுது மாதிரியான நிர்வாகச் செலவு என்ற பெயரைக் கேட்டாலே கொடுப்பவர்கள் முகம் மாறும். அது ஏன் என்று இன்றுவரை எனக்கு முழுசாகப் புரியவில்லை.

எங்கள் இரவல் குழுவின் கதையைச் சொல்கிறேன். புதுச் சக்கர நாற்காலி வாங்கித் தர ஆள் எப்போதும் இருந்தார்கள். பிறந்தநாள், நினைவுநாள், ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழா, ஏதாவது ஒரு காரணம். முதுகுப் பக்கத்தில் பெயர் எழுதிக்கொள்ளலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சக்கர நாற்காலி என்பது தேய்கிற பொருள். முன் சக்கரத்தின் பேரிங் போகும். டியூப் பஞ்சராகும். பிரேக் பிடிக்காது. கால் வைக்கும் தட்டு ஒடிந்து வரும். இதையெல்லாம் சரிசெய்யப் பணம் கேட்டால் 'அதெல்லாம் ரெக்கரிங் செலவு, திரும்பத் திரும்ப வரும், எங்கள் கொள்கையில் இல்லை' என்பார்கள். புதுசு வேண்டுமானால் தருகிறோம் என்பார்கள். ஒரு கட்டத்தில் எங்கள் கிடங்கில் ஓடுகிற நாற்காலியை விட ஓடாதது அதிகம். அந்தக் கிடங்குக்கு வாடகை கட்டத்தான் பணமில்லை.

கடைசியில் ஒரு சின்ன நிதியம் கைகொடுத்தது. ஸ்பேனர் செட், காற்றடிக்கும் பம்பு, உதிரி பாகங்கள், ஒரு சைக்கிள் மெக்கானிக்குப் பகுதி நேர ஊதியம், கொஞ்சம் வாடகை. விண்ணப்பத்தில் எழுத இதை விடச் சாதாரணமான பட்டியல் இருக்க முடியாது. போட்டோ எடுக்க ஒன்றுமே இல்லை. மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பிரித்து, மூன்று நாற்காலியிலிருந்து இரண்டை உருவாக்கி, கிடங்கைக் காலி செய்தார். காத்திருப்போர் பட்டியல் என்று நாங்கள் வைத்திருந்த நோட்டு அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. எத்தனையோ புது நாற்காலிகள் செய்யாததை அந்தப் பம்பும் பேரிங்கும் செய்தன.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2009-இல் ஸ்டான்ஃபோர்டின் சமூகப் புதுமை இதழில் ஒரு கட்டுரை இந்தச் சுழலைத் தெளிவாக விளக்கியது. நிர்வாகச் செலவு மிகக் குறைவாக இருக்கும் என்று கொடுப்பவர் எதிர்பார்க்கிறார். அவர் மனம் கோணாமலிருக்கத் தொண்டு நிறுவனம் குறைத்துச் செலவழிக்கிறது, குறைத்துக் கணக்கும் காட்டுகிறது. அந்தக் கணக்கைப் பார்த்த கொடுப்பவர், ஓ, இவ்வளவு போதும் போல என்று அடுத்த முறை இன்னும் கறாராக இருக்கிறார். 2013-இல் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் சேர்ந்து அமெரிக்க நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. நிர்வாகச் செலவின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு தொண்டு நிறுவனத்தை எடை போடாதீர்கள் என்பதுதான் சாரம். தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டுத் தகவல் தருவதே இந்த அமைப்புகளின் வேலை என்பதைக் கவனியுங்கள்.

சட்டங்களும் பல நேரம் இதே பக்கம்தான் சாய்கின்றன. இந்தியாவில் 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். அதை விடச் சின்னக் குழுக்களை நேரடியாகத் தொட்டது இன்னொரு திருத்தம்: வெளிநாட்டுப் பணம் பெறும் அமைப்பு அதை வேறு அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. பெரிய நிறுவனம் ஒரு தொகையை வாங்கி, அதைப் பிரித்து எங்கேயோ இருக்கும் சின்னச் சின்னக் குழுக்களுக்கு மானியமாகத் தருவது என்ற வழியே அடைபட்டது. முறைகேட்டைத் தடுக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் சொந்தமாகப் பதிவு வாங்கி, கணக்குத் திறந்து, வருடாந்திரப் படிவம் போட ஆள் வைக்க முடியாத குழுவுக்கு அந்த வழி ஒன்றுதான் இருந்தது.

வேறு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்திவந்த, உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992-இல் தொடங்கியது. அதில் பல காலம் 50,000 டாலர் வரை தந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது தொகை அல்ல, முடிவெடுக்கும் முறை. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு குழு, அதில் அரசு சாராத உறுப்பினர்களே பெரும்பான்மை. இன்னும் பின்னால் போனால் 1914-இல் கிளீவ்லாந்தில் ஃபிரடெரிக் காஃப் என்ற வங்கிக்காரர் தொடங்கிய கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன் இருக்கிறது, ஊர்க்காரர்கள் தரும் பணத்தைச் சேர்த்து அந்த ஊருக்கே செலவிடும் சமூக அறக்கட்டளைகளில் முதலாவது. செத்துப் போனவர்கள் உயிலில் எழுதிவைத்த நோக்கம் காலாவதியான பிறகும் பணம் அதிலேயே மாட்டிக்கொண்டு கிடப்பதை அவர் வங்கியில் இருந்து பார்த்தவர். உள்ளூர்க்காரர்கள் குழு ஒன்று காலத்துக்கு ஏற்றபடி முடிவு செய்யட்டும் என்றார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த யோசனை எத்தனையோ நிதியங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

பதிவு இல்லாத குழுக்கள் எனக்கு எழுதிக் கேட்பதுண்டு, நாங்கள் என்ன செய்வது என்று. பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் கணக்கு வழியாகப் பணம் வாங்கலாமா என்று முதலில் நிதியத்திடமே கேளுங்கள், பல உள்ளூர் நிதியங்கள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் எவ்வளவு பழக்கமானவர்களாக இருந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். அவர்கள் எத்தனை சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், பில் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் தருவார்கள், வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம். இந்த மூன்றாவதில்தான் சண்டை வரும்.

பில் விஷயமும் ஒன்று. மண் சுமந்தவர், வண்டி தள்ளியவர், வெல்டிங் அடித்தவர் இவர்களிடம் அச்சிட்ட பில் இருக்காது. தேதி, வேலை, தொகை எழுதி, வாங்கியவர் கையெழுத்தோ கைநாட்டோ போட்ட வவுச்சர் போதும் என்று நிதியம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? வேறு எங்கிருந்தாவது ஒரு பில் வாங்கி ஒட்டுவார்கள். நேர்மையான குழுவைப் பொய்க் கணக்கு எழுத வைப்பது பல நேரம் இந்த மாதிரிக் கெடுபிடிதான்.

அறிக்கை கேட்பதிலும் அப்படியே. பேனர் பிடித்து நிற்கும் போட்டோ எனக்கு வேண்டாம். என்ன நினைத்தீர்கள், என்ன நடந்தது, பணம் மிச்சமா போதவில்லையா, இவ்வளவுதான். 2020-இல் கொரோனா வந்தபோது அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள், கொடுத்த மானியத்தின் நிபந்தனைகளைத் தளர்த்துகிறோம், அறிக்கைச் சுமையைக் குறைக்கிறோம் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டன. அவசரத்தில் முடிந்தது சாதாரண நாளில் ஏன் முடியாது என்று எங்கள் கூட்டத்தில் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை, டீ வந்துவிட்டது.

இல்லை என்று சொல்வதைச் சீக்கிரம் சொல்ல வேண்டும், காரணத்தோடு சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் மௌனமாக இருந்துவிட்டு 'இம்முறை பரிசீலிக்க இயலவில்லை' என்று ஒரு வரி அனுப்புவதை விட மோசமான மரியாதைக் குறைவு இந்தத் துறையில் இல்லை. இதை மட்டும் எங்கள் நிதியத்தில் மாற்றிவிட்டோம். நிராகரித்த ஒவ்வொரு குழுவுக்கும் யாராவது ஒருவர் போன் செய்கிறோம். சங்கடமான வேலை. நாலு திட்டு வாங்கியிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வைத்திருக்கும் தீர்மானம் இது: படிவம் இரண்டு பக்கம். முதல் வருஷம் ஒழுங்காகச் செய்த குழுவுக்கு இரண்டாம் வருஷம் புது விண்ணப்பம் இல்லாமல் அதே தொகை, வாடகை, மின்கட்டணம், பழுது எதற்கு வேண்டுமானாலும். குழுவில் ஒருவர் கடுமையாக எதிர்க்கிறார். அவர் மோசமான மனிதர் அல்ல, நாங்கள் யாரும் பார்க்காத கணக்கை வரி வரியாகப் பார்க்கிறவர். தணிக்கையாளர் கேட்டால் எதைக் காட்டுவது என்கிறார். வவுச்சர் கட்டைக் காட்டலாம் என்றேன். சரி, மாதிரிக்கு ஒரு கட்டு கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றிருக்கிறார். பழைய குழுவின் மெக்கானிக் சம்பள வவுச்சர்கள் என்னிடம் இருக்கின்றன, அதைத்தான் எடுத்துப் போகப் போகிறேன்.