தண்ணீர் டம்ளரில் ஒரு சில்வண்டு

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் எதிர்வீட்டில் முப்பது வருஷம் இருந்தவர் போ போ. கன்டோனீஸ் மொழியில் போ போ என்றால் பாட்டி. அவருடைய நிஜப் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குச் சீனம் வராது. இரண்டு பேரும் சந்தை மலாயிலேயே ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்த்துவிடுவார்கள். முதியோர் இல்லத்துக்குக் கிளம்பிய அன்று ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து எதையோ எடுத்து அம்மாவின் கையில் அழுத்தி, "பக்காய், ஜாங்கான் சிம்பான்" என்றார். போட்டுக்கொள், எடுத்து வைக்காதே. அம்மா ஏழு வருஷம் அதை அலமாரியில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.

போ போ இறந்த செய்தி வந்த பிறகுதான் அது வெளியே வந்தது. கல்லில் செய்த ஒரு சில்வண்டு. ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். சாம்பல் கலந்த வெளிர்பச்சை, இறக்கை ஓரங்களில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு. பிதுங்கிய இரண்டு கண்கள், நடுவில் ஓர் ஓட்டை, அதில் அழுக்கேறிய சிவப்புக் கயிறு. "விலை கூடின சாமானா இருந்தா அவங்க பேரன்கிட்ட குடுத்துடணும்" என்றார் அம்மா. விலை கூடினதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் போனது ஒரு நகைக்கடை. விற்பனைக்கு நின்ற பையன் பார்த்ததும் சொல்லிவிட்டான்: பச்சையே இல்லையே, இது ஜேட் கிடையாது. (ஜேட் என்பது சீனர்கள் நகைக்கும் சிலைக்கும் பெரிதாக மதிக்கும் கல்.) அடுத்தது சைனாடவுனில் ஒரு பழம்பொருள் கடை. அங்கே இருந்த பெரியவர் எதிர்த்திசையில் போனார். ஹான் காலத்துச் சரக்கு, ரெண்டாயிரம் வருஷம், அந்தப் பழுப்பெல்லாம் கல்லறை மண்ணின் கறை, இறந்தவர் நாக்கில் வைத்துப் புதைத்தது என்றார். முந்நூறு வெள்ளி கட்டினால் 'சான்றிதழ்' எழுதித் தருவாராம், பிறகு அவரே விற்றும் கொடுப்பாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். பொணத்து வாயில இருந்ததா!

விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன். பெரியவர் சொன்ன வழக்கம் உண்மைதான். ஹான் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) இறந்தவரின் நாக்கில் ஜேட் சில்வண்டு வைத்திருக்கிறார்கள். சில்வண்டு மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடந்து வெளியே வந்து தோல் உரித்துப் பறக்கிறது அல்லவா, அதே மாதிரி இறந்தவரும் மறுபடி எழுவார் என்ற நம்பிக்கை. ஜேட் உடலை அழியவிடாது என்றும் நினைத்தார்கள். 1968-ல் ஹெபெய் மாநிலத்து மான்செங்கில் இளவரசர் லியு ஷெங்கின் கல்லறையைத் திறந்தபோது, 2,498 ஜேட் துண்டுகளைத் தங்கக் கம்பியால் தைத்த முழு உடை கிடைத்தது. உள்ளே இருந்த மனிதர் மண்ணாகிப் போயிருந்தார்.

ஆனால் நாக்கில் வைக்கும் சில்வண்டுக்கு ஓட்டை எதற்கு? ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் உயிரோடு இருந்தவர் கோத்து அணிந்தது. அம்மாவிடம் இதைச் சொன்ன பிறகுதான் அதை மறுபடி தொட்டார்.

ஜேட் என்பது ஒரே கல் இல்லை என்பதும் அங்கேதான் புரிந்தது. (தமிழில் பலர் மரகதம் என்று எழுதிவிடுகிறார்கள். மரகதம் முற்றிலும் வேறு கல்.) சீனர்கள் ஆயிரக்கணக்கான வருஷம் தேய்த்து உருவாக்கியது நெஃப்ரைட். வெள்ளை, மஞ்சள், சாம்பல், கறுப்பு என்று பல நிறத்தில் வரும். சீனாவின் மேற்கே ஹோட்டான் ஆறுகளில் கிடைக்கும் வெள்ளைக்குத்தான் மவுசு. நகைக்கடைக் கண்ணாடிக்குள் மின்னும் பச்சை வளையல் ஜேடைட். அது பர்மாவிலிருந்து சீனாவுக்குப் பெருமளவில் வந்ததே 18-ஆம் நூற்றாண்டில். இரண்டும் வெவ்வேறு கனிமம் என்று பிரெஞ்சு வேதியியலாளர் டமூர் பிரித்துக் காட்டியது 1863-ல். ஆக, பச்சை ஜேடைட்டில் ஒரு சிலையைக் காட்டி ஹான் காலம் என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். நம்முடையது அந்தப் பளிச்சென்ற பச்சையாக இல்லாதது நல்ல சகுனம்.

வீட்டுச் சோதனையில் முதல் கூத்து ஊசி. நல்ல ஜேடில் இரும்பு கீறாது என்று படித்துவிட்டு, வயிற்றுப் பக்கம் தையல் ஊசியால் ஓர் இழுப்பு இழுத்தேன். சாம்பல் நிறத்தில் பளிச்சென்று ஒரு கோடு. வயிறு கலங்கிவிட்டது. போ போ ஞாபகமாகக் கொடுத்ததைக் கெடுத்துவிட்டேனே என்று விரலால் தேய்த்தால், கோடு விரலில் வந்துவிட்டது. கல் கீறுபடவில்லை, கல்தான் ஊசியைத் தேய்த்திருக்கிறது. இருந்தாலும் யாரும் இதைச் செய்யாதீர்கள். வேறு கல்லாக இருந்திருந்தால் கோடு கோடாகவே நின்றிருக்கும்.

ஒழுங்கான சோதனை எடை போடுவது. இணையத்தில் வாங்கிய சின்னத் தராசில் சில்வண்டு 25.4 கிராம். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, வண்டை நூலில் கட்டி முழுக்க முங்கும்படி பிடிக்க வேண்டும். தொங்க வேண்டும், அடியில் இடிக்கக் கூடாது. முதல் தடவை இடித்துவிட்டது, தராசு மறுபடி 25.4 காட்டியது. இரண்டாம் தடவை 8.9. அது வண்டு ஒதுக்கிய தண்ணீரின் எடை. 25.4-ஐ அதால் வகுத்தால் கல்லின் அடர்த்தி 2.85, நெஃப்ரைட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஜேட் என்று ஏமாற்றி விற்கும் செர்பென்டைன் கல்லுக்கு ரொம்பவே அதிகம். எதிலும் சேராமல் முழித்தேன். வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால், கயிறு அவிழ்த்த ஓட்டைக்குள் ஒரு காற்றுக்குமிழி, இறக்கைக் கோடுகளில் வரிசையாகக் குட்டிக் குமிழிகள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பல் துலக்கும் பிரஷால் தடவிவிட்டு மறுபடி முக்கினேன். 8.6. வகுத்தால் 2.95. செர்பென்டைன் 2.6 பக்கம் நிற்கும், ஜேடைட் 3.3-க்கு மேல் போகும். நெஃப்ரைட் 2.95-ஐ ஒட்டித்தான் இருக்கும். இரவு பதினொன்றரைக்கு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "சரி, படு" என்றார்.

ரத்தினப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கொடுத்து உறுதி செய்துகொண்டேன். இயற்கை நெஃப்ரைட், ஒளிவிலகல் எண் 1.61, பழுப்புப் பகுதி சாயமேற்றியது என்று தாளில் வந்தது. வயது பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, கல்லின் வயது கோடிக்கணக்கான வருஷம், நீங்கள் கேட்பது அதை எப்போது தேய்த்தார்கள் என்பது, அதற்கு எங்களிடம் கருவி இல்லை என்று சிரித்தார்கள். என் அலுவலகத்து நண்பன் கார்பன் சோதனை பண்ணச் சொல்லியிருந்தான். அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் ஆகும். இந்த வண்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கடைசியாக, சீனக் கலைப்பொருள் மதிப்பீடு செய்யும் ஓர் அம்மையார். அவர் முதலில் வண்டைத் தொடவே இல்லை. "யார் கொடுத்தது, அவருக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு, நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு கையில் வாங்கி, நிறத்தைப் பார்க்காமல் நேராக இறக்கைக் கோடு முடியும் இடத்துக்கு லென்ஸைக் கொண்டு போனார். எனக்கும் காட்டினார். ஜேடை உளியால் வெட்ட முடியாது, கடினமான மணலும் தண்ணீரும் வைத்துத் தேய்க்கத்தான் முடியும். ஹான் பட்டறைக்காரர்கள் இறக்கைக் கோட்டைத் தயக்கமில்லாமல் ஒரே வீச்சில் ஓட்டி, பள்ளத்தின் உள்ளேயும் மெருகு போட்டிருப்பார்கள். 'ஹான் எட்டு வெட்டு' என்று அதற்குப் பெயரே உண்டு. நம் வண்டின் கோடு லென்ஸுக்குள் வேறு கதை சொன்னது. சின்னச் சின்னத் தொடுதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன, பள்ளத்துக்குள் மெருகே இல்லை.

ஓட்டை மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்தித்த இடத்தில் ஒரு சிறு படி; மேல் விளிம்பு கயிறு உரசி உரசி வழவழத்திருந்தது. இயந்திரத் துளை இல்லை, யாரோ நெடுங்காலம் அணிந்திருக்கிறார்கள். பழையதைப் போலச் செய்வது சீனாவில் சோங் காலத்திலிருந்தே (சுமார் ஆயிரம் வருஷமாக) நடக்கும் தொழில் என்றார். ஆட்டுத் தொடையைக் கிழித்து ஜேடை உள்ளே வைத்துத் தைத்து, சில வருஷம் கழித்து ரத்தச் சிவப்போடு எடுப்பார்களாம். அவர் கணிப்பு: சிங் அரசின் கடைசிக் காலம் (1900-ஐ ஒட்டி) அல்லது அதற்குச் சற்றுப் பின், ஹான் பாணியில் செய்தது. ஏலத்தில் நானூறிலிருந்து அறுநூறு வெள்ளி. காப்புறுதிக்கு என்றால் கூடுதலாக எழுதலாம், ஏனென்றால் அது திரும்ப வாங்க ஆகும் விலை. "இது என் கருத்து, நிரூபணம் இல்லை" என்று தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முந்நூறு வெள்ளிச் சான்றிதழ்க்காரர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வரவே இல்லை.

எல்லாத் தாள்களையும் படம் எடுத்து, பெர்த்தில் இருக்கும் போ போவின் பேரனுக்கு அனுப்பினேன். வேண்டுமென்றால் கொடுத்துவிடுகிறோம் என்றும் எழுதினேன். மறுநாள் பதிலுக்கு ஒரு படம் வந்தது. அவர் உள்ளங்கையில் இன்னொரு சில்வண்டு. அதே கண், அதே ஓட்டை, இறக்கை ஓரத்தில் அதே தேநீர்க் கறை. பாட்டி ஜோடியாக வைத்திருந்தாராம், உங்களுடையது உங்களுக்குத்தான் என்றார். படத்தை அம்மையாருக்கு அனுப்பினால், "ஒரே பட்டறை, ஒரே சாயத் தொட்டி. படத்தை உங்கள் தாளோடு சேர்த்து வையுங்கள்" என்று இரண்டே வரி.

அம்மா புதுச் சிவப்புக் கயிறு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். பேரன் நேற்று மறுபடி எழுதினார், தன்னுடையதை எங்கே காட்டுவது என்று கேட்டு. கடைக்குக் கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீரும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள், சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு மறக்காதீர்கள் என்று பதில் போட்டேன்.