வைகை முடியும் இடம்

நேற்று சாயங்காலம் அப்பாவோடு ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயரே அதுதான். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, மதுரையைத் தாண்டி வந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சம் இருந்தால் இங்கே பாக் நீரிணையில் சேரும். பல வருசம் அந்த மிச்சம் வருவதில்லை.

பக்கத்திலேயே அழகன்குளம், பழங்காலத் துறைமுக ஊர். அங்கே கோட்டைமேட்டில் 1986-87 தொடங்கி 2016-17 வரை தமிழகத் தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசுகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் என்று நிறைய கிடைத்தன. எனக்கு மனசை விட்டுப் போகாதது ஒரு பானை ஓடுதான். அதில் யாரோ ஒரு கப்பலைக் கீறி வைத்திருக்கிறார்கள். துறையில் வந்து நின்ற கப்பலைப் பார்த்துக்கொண்டே கீறியிருப்பாரோ?

"மழை பேஞ்சா இந்த ஓடெல்லாம் மேல வரும்ப்பா. நாங்க எடுத்துத் தண்ணியில தத்தவிட்டு விளையாடுவோம்" என்றார் அப்பா.

மேட்டோரம் ஒரு சில்லு கிடந்தது. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, விரல் நீளம்கூட இல்லை. மண்ணைத் துடைத்துப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன். இதையெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகள் இந்த ஊரிலேயே பார்க்க ஓர் இடம் வேண்டும்.