படிகள் எத்தனை

ஜனவரி 4

குடும்பத்தோடு வெளிநாட்டுப் பயணம், ஒன்பது பேர். தாத்தாவுக்கு 78, சின்னவனுக்கு 4. ஆளுக்கொரு ஊர் சொல்லியாச்சு. ஆசைப் பட்டியலை வடிகட்ட மூன்றே கேள்விகள்: படிகள் எத்தனை, கடைசி டாய்லெட்டிலிருந்து எவ்வளவு தூரம், நல்ல மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம். இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காத ஊரைப் பற்றி இனி பேச்சே வேண்டாம்.

ஜனவரி 5

படப்பிடிப்பு நடந்த இடங்கள் முதலில்.

ஸ்கெல்லிக் மைக்கேல். அயர்லாந்துக் கரையிலிருந்து சுமார் 12 கி.மீ. கடலுக்குள் நிற்கும் பாறை. மே நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் தீவில் இறங்கலாம், அதுவும் நாளொன்றுக்கு 180 பேர். மேலே போக 600-க்கும் அதிகமான கற்படிகள், பெரும்பாலும் கைப்பிடி கிடையாது, டாய்லெட்டும் கிடையாது. அலை எழுந்தால் அன்று காலையில்தான் படகு ரத்து என்று சொல்வார்கள். இறங்காமல் தீவைப் படகிலேயே சுற்றி வருகிற பயணமும் உண்டு. பெரியவர்களுக்கு அது போதும். ஆனால் அதற்காக மட்டும் ஒன்பது பேரை அங்கே கொண்டுபோவது சரியில்லை.

மாயா பே, தாய்லாந்து. 2018-இல் மூடி 2022 ஜனவரியில் திறந்தார்கள். இப்போதும் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடல். திறந்திருக்கும்போதும் நீந்தக் கூடாது. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் இறங்காதே என்று சொல்ல முடியுமா? நீக்கு.

மாட்டமாட்டா, நியூசிலாந்து. 'ஹாபிட்' படங்களின் செட் உள்ள ஊர். வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். குழுவின் வேகத்துக்குத் தாத்தா நடக்க வேண்டும். அவர் வேகத்துக்குக் குழு நிற்காது.

ஜோர்டானின் பெட்ராவும் வாடி ரம்மும் மிச்சம்.

ஜனவரி 6

"புதுசா பேர் வாங்கற இடத்துக்குப் போலாம், கூட்டம் இருக்காது" என்று சித்தப்பா. கூட்டம் இல்லாததற்குக் காரணம் என்ன என்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு இரண்டே விமானம் உள்ள ஊரில் ஒன்றைத் தவறவிட்டால் மூன்று நாள் அங்கேயேதான். புதிதாகத் தொடங்கிய நேரடி விமானத்தைச் சில மாதங்களில் நிறுத்திவிடுவதும் உண்டு, அதை நம்பி ஹோட்டலுக்கு முழுப்பணம் கட்டக் கூடாது. அல்பேனியாவின் ஜிரோகாஸ்தர் அழகான கல் நகரம், 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தெருவெல்லாம் செங்குத்தாக ஏறும் வழவழப்பான கற்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது பாட்டியின் முழங்கால்தான் கண்ணில் நிற்கிறது.

ஜனவரி 9

பாட்டியின் பாஸ்போர்ட் ஆகஸ்ட் 19 வரை.

ஜனவரி 10

பயணம் ஏப்ரலில். நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் என்றால் பாஸ்போர்ட் அக்டோபர் வரை செல்லுபடியாக வேண்டும். ஆகஸ்ட் போதாது. இதைக் குடியேற்ற அதிகாரி வரை போகவிட மாட்டார்கள், செக்-இன் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதுப்பிக்க வேண்டும். புது எண் வந்த பிறகுதான் ஜோர்டான் பாஸ் (சுற்றுலா இடங்களுக்கான நுழைவுச்சீட்டுத் தொகுப்பு) வாங்க முடியும், அதில் பாஸ்போர்ட் எண் கேட்கிறார்கள். அந்த பாஸைப் புறப்படுவதற்கு முன்பே வாங்கி, குறைந்தது மூன்று இரவு தங்கினால்தான் விசா கட்டணத்திலிருந்து விலக்கு. ஒரு தேதி தள்ளினால் எல்லாம் தள்ளும்.

மற்ற எட்டு பாஸ்போர்ட்டையும் மேஜையில் பரப்பி இரண்டு தடவை பார்த்தாச்சு. சரி.

ஜனவரி 15

டிக்கெட். ஒன்பது இருக்கை என்று தேடினால் ஒன்பதுக்கும் உயர்ந்த கட்டணம் காட்டுகிறது. மலிவான கட்டண வகுப்பில் நான்கே இருக்கை மிச்சம் இருந்தால், ஒன்பது பேருக்கும் சேர்த்து இடம் உள்ள அடுத்த வகுப்பின் விலையை எல்லார் தலையிலும் போடும். ஒன்று, நான்கு, ஐந்து என்று தனித்தனியாகத் தேடிப் பார்த்தால் எங்கே விலை ஏறுகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் பிரித்து எடுத்தால் புக்கிங்கும் இரண்டாகிவிடும். விமான நேரம் மாறும்போது ஒரு பாதி மட்டும் வேறு விமானத்துக்குப் போகும் அபாயம் உண்டு. பிரிப்பதென்றால் தாத்தா, பாட்டியோடு இரண்டு பெரியவர்களாவது ஒரே புக்கிங்கில் இருக்க வேண்டும். மிச்சமாகும் பணத்துக்காக அவர்களைத் தனியே விடுவதை என்னால் ஏற்க முடியாது.

மாறும் விமான நிலையத்தில் மூன்று மணி நேர இடைவெளி. வீல்சேர் பயணிகளை எல்லாரும் இறங்கிய பிறகுதான் இறக்குவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த விமானம் என்று தளம் காட்டினால் நம்பக் கூடாது.

ஜனவரி 16

வீல்சேர் கேட்பதிலும் மூன்று வகை. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை கொண்டுபோக வேண்டும். பாட்டிக்கு நடுவில் உள்ளது. முதல் வகையைப் போட்டுவிட்டால், விமானம் தள்ளி நிற்கும்போது பஸ்ஸில் ஏற்றி, ஏணிப்படிக்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். ஏணியில் எத்தனை படி என்று அங்கே நின்று எண்ணக் கூடாது. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும், உறுதி செய்த பதிலை அச்செடுத்து வைக்க வேண்டும்.

ஜனவரி 22

பாஸ்போர்ட் அலுவலகத்தில் பாட்டியின் விரல் ரேகை பதியவில்லை. வயதானால் ரேகை தேய்ந்துவிடும், தோலும் காய்ந்திருக்கும். நான்காவது முறை, விரலை ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடியில் அழுத்தாமல் லேசாக வைத்தபோது எடுத்தது. முந்தைய இரவிலிருந்தே கைக்கு எண்ணெயோ கிரீமோ தடவி வந்திருந்தால் நல்லது.

ஜனவரி 23

வரவில்லை.

ஜனவரி 27

பெட்ரா, பாறையில் குடைந்த பழைய நகரம். நாள் முழுக்க இதே நினைப்பு.

நுழைவாயிலிலிருந்து அல் கஸ்னா (பாறையில் செதுக்கிய பெரிய முகப்பு) வரை சுமார் 2 கி.மீ. அதில் கடைசி 1.2 கி.மீ. சிக் என்னும் இடுக்கு. போகும்போது இறக்கம். அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். உள்ளே நடந்து, அங்கேயும் சுற்றி, வெயில் ஏறிய பிறகு, களைத்த காலோடு அந்த இரண்டு கி.மீ. ஏற்றத்தில் திரும்ப வேண்டும். சக்தியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் போகும் வழிக்குச் செலவழிக்க வேண்டும். தரை ஒரே மாதிரி இல்லை: சில இடம் மணல், சில இடம் பழைய பாவுகல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழையும் பள்ளம். வீல்சேரின் சின்ன முன்சக்கரம் அதில்தான் மாட்டும். சிக்குக்குள் டாய்லெட் இல்லை. வாசலிலேயே எல்லாரும் போய்விட வேண்டும், வேண்டாம் என்கிற சின்னவனும்.

அல் கஸ்னா வரை மின்வண்டி ஓடுகிறது. தாத்தா பாட்டிக்குப் போகவும் வரவும் இரண்டு வழிக்கும் அதுதான். மற்றவர்கள் நடக்கலாம். முகப்பில் வெயில் நேராக விழுவது காலை 9-லிருந்து 11 வரை. ஆகவே எட்டுக்குள் வாசலில். 11.30-க்கு அங்கிருந்து கிளம்பியாக வேண்டும்.

மேலே அத்-தெய்ர் மடாலயத்துக்கு 800 படிகள். அண்ணனும் பெரியவளும் மட்டும். யாரும் அவர்களுக்காக வெயிலில் காத்திருக்கக் கூடாது, நேரே ஹோட்டலில் சந்திப்பு.

மழை அறிவிப்பு இருந்தால் சிக்கை மூடுவார்கள். குறுகிய இடுக்கில் வெள்ளம் நிமிடங்களில் ஏறும், 1963-இல் பயணிகள் இறந்திருக்கிறார்கள். ஒருநாள் சீட்டு போதாது. இரண்டு நாள் சீட்டு, இரண்டாவது நாள் உதிரி.

ஜனவரி 28

பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிட வேண்டியது: 1989-இல் வந்த அந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தின் பெட்ரா காட்சியில் சிக்கும் அல் கஸ்னா முகப்பும்தான் நிஜம். உள்ளே காட்டிய பொறிகளும் குகையும் ஸ்டுடியோ செட். நிஜத்தில் உள்ளே இருப்பது வெறும் அறை, அதற்குள்ளும் விடமாட்டார்கள். வாடி ரம் பாலைவனத்தில் 'தி மார்ஷியன்' எடுத்தார்கள், மணல் சிவப்புதான், ஆனால் வானம் நீலம். அந்தச் செவ்வானம் பிறகு நிறம் மாற்றியது. அங்கே போய் முகம் தொங்குவதைவிட, திரையில் உள்ளதையும் இடத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இப்போதே காட்டிவிடலாம். பெரியவள் அதையே ஒரு நோட்டில் ஒட்டத் தொடங்கிவிட்டாள்.

பிப்ரவரி 2

தாத்தாவுக்கு ஒத்திகை. சாய்வான சாலையில் 1 கி.மீ., கைத்தடியோடு: 26 நிமிடம், மூன்று இடத்தில் உட்கார்ந்தார். படி: ஒரே மூச்சில் 22. அதற்கு மேல் மூச்சு வாங்குகிறது. 22 என்ற எண் இனி எல்லா முடிவுக்கும் அளவுகோல்.

பிப்ரவரி 6

அறைகள். பக்கத்து அறை வேறு, உள்கதவு உள்ள இணைப்பறை வேறு. புக்கிங்கில் குறிப்பாக எழுதினால் அது வேண்டுகோள்தான், ஹோட்டலுக்கே எழுதி "உறுதி" என்ற சொல்லை வாங்க வேண்டும். குளியலறையின் புகைப்படம் கேட்டால் தொட்டி வருகிறது. அந்த விளிம்பைத் தாண்ட பாட்டியால் முடியாது. தரைமட்ட ஷவர் உள்ள அறை வேண்டும். இதற்காக ஹோட்டலையே மாற்றியாச்சு.

ஒன்பது இருக்கை வேனில் ஒன்பது பேர் ஏறினால் பெட்டிக்கு இடமே இருக்காது. 14 இருக்கை வேன், பின்வரிசை முழுக்கப் பெட்டி. சின்னவனின் கார் சீட் இங்கிருந்தே.

பிப்ரவரி 7

பாஸ்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 13

வாடி ரம். திறந்த ஜீப்பின் பின்பக்கம் பெஞ்சில் உட்கார வைப்பார்கள், முதுகு தாங்காது. பெரியவர்களுக்கு ஓட்டுநர் பக்கத்து மூடிய இருக்கை, இரண்டு மணி நேரச் சுற்று, மாலையில். முழுநாள் சுற்று வேண்டாம். முகாமில் கேட்க வேண்டியவை: டாய்லெட் கூடாரத்தோடு சேர்ந்ததா, இல்லையென்றால் இருட்டில் எத்தனை அடி மணலில் நடக்க வேண்டும், இரவு முழுக்க மின்சாரம் உண்டா, தாத்தாவின் சி-பேப் கருவிக்கு (தூக்கத்தில் மூச்சுக்கு உதவுவது). சூரிய மின்சாரம், நள்ளிரவில் நிறுத்துவோம் என்று ஒரு முகாம் சொன்னது. ஒரு இரவு போதும். கைத்தடி முனை மணலில் இறங்கும், அகலமான ரப்பர் முனை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 20

மருந்து. நாட்கள் எட்டு, எடுத்துப் போவது பதினான்கு நாளுக்கு, இரண்டாகப் பிரித்து இரண்டு கைப்பைகளில். இன்சுலின் கண்டிப்பாகக் கைப்பையில், சரக்கு அறையில் உறைந்துபோகலாம். பவர் பேங்கும் கைப்பையில்தான், 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-அவர், 100 என்ற வரம்புக்குள்.

பிப்ரவரி 24

பாஸ்போர்ட் வந்தது! புது எண்ணை டிக்கெட்டில் மாற்றியாச்சு. காப்பீட்டில் மாற்றியாச்சு. ஜோர்டான் பாஸ் ஒன்பது பேரில் யார் யாருக்குத் தேவை என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு நாளை.

பிப்ரவரி 25

காப்பீட்டில் தாத்தாவின் இதய நோயை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். எழுதினால் கட்டணம் ஏறும். எழுதாவிட்டால் தேவைப்படும் நாளில் ஒன்றும் கிடைக்காது. எழுதச் சொல்லியாச்சு.

மார்ச் 11

இரண்டாவது ஒத்திகை. படி: 19.

மார்ச் 12

ஹோட்டல் வாசலில் எத்தனை படி என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் இல்லை.